மேட்டுக்கு ஒரு நடை

"விட்டுடாதீங்கப்பா."

அப்பா பிரேக் லீவரை விட்டுவிட்டார்.

வண்டியின் முன்சக்கரத்தருகே ஒருக்களித்துப் படுத்திருந்த மகள், டியூபில் வெளியே வந்துகொண்டிருந்த பிரேக் ஆயில் சட்டென்று நின்று பின்வாங்குவதைப் பார்த்தாள். பட்டாணி அளவில் ஒரு காற்றுக் குமிழி, வந்த வழியே உள்ளே போயிற்று. ஸ்பேனரைத் திருப்பி, ஆயில் வடியும் திருகான நிப்பிளை இறுக்கினாள். போனது போனதுதான்.

"மச்சான் கூப்பிட்டார்மா," என்றார் அப்பா. "கூப்பிட்டா எப்படித் திரும்பாம இருக்கறது?"

கூப்பிட்ட மாமா, நேற்று செத்துப்போன அம்மாவின் அண்ணன், வாசல் கேட்டருகே சலவைச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, வேன்காரன் கேக்கறான். கீழ இடுகாட்டுக்கா, இல்ல திருப்பி அனுப்பிடவா? ஒரு முடிவைச் சொல்லுங்க."

"மேலதான் மாமா," என்றாள் மகள்.

"வண்டிக்கு அடியில இருந்து பேசறவகிட்ட நான் கேக்கல."

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. தையற்காரர். காலையில் எழுந்ததும் கை தானாக எடுத்துப் போட்டிருக்க வேண்டும். யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை.

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க மச்சான்," என்றார்.

"வானத்தைப் பாருங்க. சாயங்காலத்துக்குள்ள கொட்டப்போகுது. கொட்டினா மேலயும் இல்ல, கீழயும் இல்ல."

அது உண்மை. மேற்கே வானம் ஈயப் பாத்திரம் போல இருந்தது.

முன்னறையில் அம்மா கிடந்தாள். முற்றத்தில் அவளுடைய வண்டி நின்றது. பலூன் போலப் பெருத்த நாலு சக்கரம், மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போலக் கைப்பிடி, பின்னால் சின்னதாக ஒரு டிரெய்லர். மேட்டுக் குடியிருப்புக்கு கேஸ் சிலிண்டர், தீவன மூட்டை, தபால், மருந்து எல்லாம் அதில்தான் ஏறின. ஒரு முறை பிரசவ வலியோடு ஒருத்தி அதில் இறங்கி வந்தாள். மேலே இருந்தவர்களுக்கு அம்மா பெயர் வண்டியம்மா. கீழே, சொந்தக் கடையில் உட்கார்ந்து தைக்கும் அப்பாவுக்கே பெயர் வண்டியம்மா வீட்டுக்காரர்.

போன மாத மழை மேட்டுப் பாதையின் மூன்றாவது வளைவைத் தின்றுவிட்டது. வேன் ஏறாது. தோளில் தூக்கிப் போகலாமென்றால் அந்தச் சேற்றில் வெறுங்கையோடு நடப்பவனுக்கே கால் நிற்காது. ஏறக்கூடியது இந்த வண்டி மட்டும்தான். இந்த வண்டிக்குப் பிரேக் இல்லை.

நேற்று மத்தியானம் அம்மா பழைய ஆயிலை எல்லாம் வடித்தாள். டிகாக்‌ஷன் போல வந்ததாம். லீவருக்குள் இருக்கும் ரப்பர்களை மாற்றினாள். புது ஆயில் புட்டியை எடுத்துச் சீட்டின் மேல் வைத்தாள். பிறகு, "கண்ணை இருட்டுது, அஞ்சு நிமிஷம் சாய்றேன். ஆயில் கப்புல தூசி விழாமப் பாத்துக்குங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அப்பா ஒரு தட்டை எடுத்துக் கப்பை மூடினார். காபி போட்டு எடுத்துக்கொண்டு போனபோது அவள் இல்லை.

மேலே அண்ணன் இருக்கிறான். மகள் பார்த்திராத அண்ணன். அவள் பிறப்பதற்கு முன்னால், நடை பழகும் வயதில், காய்ச்சலில் போனவன். அம்மா ஒவ்வொரு நடையிலும் அவன் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கீழே இறங்குவாள். பக்கத்தில் தனக்கு இடம் விட்டு வைத்திருப்பதாக ஒருமுறை சொன்னாள், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்ததைச் சொல்வது போல. மேட்டுக்காரர்கள் காலையிலேயே அந்த இடத்தில் தோண்டத் தொடங்கிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. யாரும் அவர்களைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பா அங்கே ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். அப்போது வண்டி இல்லை. நடந்து போனார்.

"அமுக்குங்கப்பா."

அவர் லீவரை நாலைந்து முறை அமுக்கினார்.

"பிடிங்க."

பிடித்தார். அவள் நிப்பிளைக் கால் திருகு திறந்தாள். ஆயிலும் குமிழியுமாக டியூப் வழியே வந்து அடியில் இருந்த பாட்டிலுக்குள் இறங்கியது. மூடினாள்.

"விடுங்க."

இதுதான் வேலை. அமுக்கு, பிடி, விடு. திறந்திருக்கும்போது விட்டுவிட்டால் குமிழி உள்ளே போகும். மேலே கப்பில் ஆயில் வற்றினாலும் போகும். குமிழி உள்ளே இருக்கிறவரை லீவர் ஊறின ரொட்டி போல அமுங்கும், சக்கரம் அது பாட்டுக்கு உருளும். பின்சக்கரங்கள் இரண்டும், முன் வலதும் முடிந்துவிட்டன. முன் இடதுதான் மிச்சம். வேலை அதில்தான் மாட்டிக்கொண்டு நின்றது.

அவள் மெக்கானிக் இல்லை, நர்ஸ். அம்மாவுக்கு டார்ச் பிடித்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் குழாய்க்குள் குமிழி என்றால் பழக்கம். சலைன் டியூபைச் சுண்டுவது போல பிரேக் டியூபையும் நகத்தால் சுண்டினாள். குட்டிக் குட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தவை ஒன்று சேர்ந்து மேலே நகர்ந்தன.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பிரேக்கையும் விசாரித்தார்கள்.

"நிப்பிளை முழுசாத் திறந்து விட்டுடணும்மா. சடார்னு வந்துடும்," என்றார் பால்காரர்.

"அப்படித்தான் போன வருஷம் உங்க வண்டி கால்வாயில கிடந்துச்சு," என்றாள் எதிர்வீட்டு அத்தை. அவள்தான் அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்களையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

"செத்தவளை உள்ள வச்சுக்கிட்டு முத்தத்துல ரிப்பேர் வேலை," என்றார் மாமா, பொதுவாக, வானத்திடம். "பாக்கறவன் சிரிப்பான்."

"யாரும் சிரிக்கலியேண்ணா. நீங்கதான் பாத்துக்கிட்டே இருக்கீங்க."

அப்போது அம்மாவின் பள்ளித் தோழி வந்தாள். நல்ல சரீரம். நேராக வந்து, கீழே கிடந்த மகளை ஒரு கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். மகள் கையில் ஸ்பேனர். நிப்பிள் திறந்தபடி. அப்பா லீவரைப் பிடித்தபடி நின்றார். அவர் பிடியை விடவில்லை. ஆனால் தோழியோடு வந்திருந்த அவள் தம்பி சும்மா இருக்கவில்லை. "இருங்க, உங்களுக்குக் கை வலிக்கும்" என்று அவரிடமிருந்து லீவரை வாங்கி, உபகாரமாக, பத்துப் பதினைந்து தடவை அமுக்கினார்.

மகள் விடுபட்டு வந்து பார்த்தபோது கப்பின் அடி தெரிந்தது.

புட்டியில் மூன்று விரற்கடை ஆயில் மிச்சம். டவுன் கடை இன்று திறக்காது.

மாமா பெஞ்சுக்கு அடியில் குனிந்து ஒரு பழைய புட்டியைக் கண்டுபிடித்தார். ஊரே தேடிய திருடனைப் பிடித்தவர் போல அதைத் தூக்கிக் காட்டினார்.

"இங்க இருக்கு பாரு. அரைப் புட்டி."

"அது ஆகாது மாமா. தொறந்து ஒரு வருஷம் ஆச்சு. காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் குடிச்சிருக்கும். எறக்கத்துல பிரேக் சூடானா கொதிச்சு ஆவியாயிடும். அப்புறம் லீவர் மட்டும்தான் கையில இருக்கும்."

"ஒரே ஒரு நடை. ஏறிட்டு எறங்கப்போற. அதுக்கு என்ன இவ்வளவு?"

அவள் புட்டியை வாங்கி, பெஞ்சுக்கு அடியில் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மாமா தணிந்த குரலில் பேசினார். அவருக்கும் கண் சிவந்துதான் இருந்தது. "இங்க பாரு. அவ என் தங்கச்சி. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பாதி மேட்டுல வண்டி பின்னால உருண்டு, பெட்டி சேத்துல விழுந்தா, அதை நான் எந்தக் கண்ணால பாக்கறது? கீழேயே வச்சுடலாம். மண்ணு எல்லாம் ஒண்ணுதான். மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க."

முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா யாரிடமும் மாட்டேன் என்று சொல்லி மகள் கேட்டதில்லை. சட்டையை வாங்காமலே போனவனுக்கு அதே அளவில் இன்னொன்று தைத்துக் கொடுப்பவர். கல்யாணத்தில் மாமா எந்த நாற்காலியைக் காட்டினாரோ அதில் உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை என்பது எதிர்வீட்டு அத்தையின் கேலி.

அவர் பள்ளித் தோழியைப் பார்த்துக் கும்பிட்டார். தோழியின் தம்பியைப் பார்த்தும் கும்பிட்டார்.

"எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்க," என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"இந்த வேலை நடக்கும்போது அவ கேட்டைச் சாத்திடுவா. பேச்சுக் குரல் இருந்தா கை தப்பும்பா. கொஞ்ச நேரந்தான். நில்லுங்க."

"சாவு வீட்டுக் கதவைச் சாத்துவாங்களா மாப்பிள்ளை?"

"நீங்களும்தான் மச்சான்."

அவர் கையை விரித்து, கோழிகளை ஒதுக்குவது போல, எல்லோரையும் மெதுவாக வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பால்காரர் போனார். பெட்டியோடு அப்போதுதான் வந்து இறங்கிய தச்சர் உள்ளே வராமலே நின்றுவிட்டார். மாமா கடைசியாகப் போனார். தகரக் கேட்டு இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தது. அப்பா தாழ்ப்பாளைப் போட்டார்.

முற்றம் திடீரென்று பெரிதாகிவிட்டது.

"நிப்பிளை மூடியாச்சா?"

"மூடிட்டேன்பா."

"கப்புல பாதி ஊத்து. மிச்சத்தைப் பத்திரமா வை. மேல மட்டும்தான் காத்து போயிருக்கும். அதைக் கீழ எறக்க வேண்டாம். மேலேயே எடுத்துடலாம்."

அவள் அவரைப் பார்த்தாள்.

"அவகூட எத்தனை தடவை நின்னிருக்கேன்," என்றார்.

கைப்பிடியைக் கப் மட்டமாக இருக்கும்படி திருப்பினார். லீவரை அமுக்கவில்லை. விரல் நுனியால் தொட்டுத் தொட்டு விட்டார், துணியில் ஊசி இறங்குகிறதா என்று பார்ப்பவர் போல. கப்பின் அடியிலிருந்து சின்னக் குமிழிகள் கிளம்பி மேலே வந்து உடைந்தன. ஒன்று, பிறகு இரண்டு மூன்று சேர்ந்து. வெகுநேரம் வந்துகொண்டிருந்தன. பிறகு வரவில்லை.

"இப்போ சக்கரத்துக்குப் போ."

அவள் படுத்தாள்.

"அமுக்குங்கப்பா."

கேட்டுக்கு வெளியே தெரு முழுதும் ஆட்கள். ஒரு குரல் இல்லை. தகரத்துக்கு அடியில் செருப்புகளும் ஷூக்களும் வரிசையாகத் தெரிந்தன.

"பிடிங்க."

குமிழி வந்தது. மூடினாள்.

"விடுங்க. அமுக்குங்க. பிடிங்க."

வெளியே யாரோ இருமினார்கள். எதிர்வீட்டு அத்தை "ஷ்ஷ்" என்றாள்.

மூன்றாவது சுற்றில் மகள் கவனித்தாள். அவள் பிடிங்க என்று சொல்வதற்கு முன்பே அவர் பிடித்திருந்தார். அவள் மூடிய பிறகுதான், அவள் சொல்லாமலே, விட்டார். நிப்பிள் திறப்பதும் மூடுவதும் லீவர் வழியாக அவர் கைக்கு வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. ஸ்பேனர் திரும்பும் சத்தம் மட்டும் கேட்டது. டியூபில் ஆயில் தேன் நிறத்தில், ஒரு புள்ளி இல்லாமல் இறங்கியது. அவள் நகத்தால் சுண்டிப் பார்த்தாள். எதுவும் நகரவில்லை.

புட்டியில் கடைசியாக இருந்ததை அப்பா கப்பில் விட்டார். கோட்டுக்கு ஒரு நூல் மேலே நின்றது.

மூடியைப் போட்டார். லீவரைப் பிடித்தார். அது பாதி வழிக்கும் குறைவாக வந்து நின்றது. அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். நகரவில்லை.

"கல்லு," என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தெரு கேட்டுவிட்டது. யாரோ கை தட்டத் தொடங்கி, எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்ற நினைவு வந்து நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் அந்த முகங்கள் மலர்ந்தபடியேதான் இருந்தன. அப்பா கேட்டைத் திறந்தபோது மகள் அவற்றைப் பார்த்தாள்.

மாமா வேன்காரரைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

பெட்டி டிரெய்லரில் நாலு விரல் இடித்தது.

"நான் அவங்க உயரத்துக்குச் செஞ்சேன், வண்டி நீளத்துக்குச் செய்யல," என்றார் தச்சர். அப்பா டேப்பைப் பிடித்து அளந்தார். பின்பலகையைக் கழற்றிவிட்டு, கயிறு போட்டுக் கட்டினார்கள். மாமா தச்சரின் வண்டியிலிருந்து ஒரு பெரிய கட்டையைத் தூக்கிக்கொண்டார். வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு அடியில் போடுவதற்கு.

"முட்டுக்கட்டையா? உங்களுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு," என்றாள் எதிர்வீட்டு அத்தை. மாமா அதைக் காதில் வாங்கவில்லை.

மகள் ஏறி உட்கார்ந்து எஞ்சினை எழுப்பினாள். பின்னால் சீட்டு தாழ்ந்தது. திரும்பிப் பார்த்தாள். அப்பா ஏறியிருந்தார்.

"நீங்க நடந்து வரலியா?"

"போன தடவை நடந்தாச்சு."

தெரு முடிந்து பாதை ஏறத் தொடங்கியது. எல்லோரும் பின்னால் நடந்தார்கள். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. சக்கரங்கள் சேற்றை உண்டு துப்பிக்கொண்டு ஏறின. மேட்டுக்காரர்கள் கயிறும் கடப்பாரையுமாக எதிரே இறங்கி வந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி நின்று வழி விட்டார்கள், எப்போதும் விடுவது போல.

மூன்றாவது வளைவில் பாதை பாதியாக இருந்தது. மேட்டுக்காரர்கள் இரண்டு பலகைகளைக் குறுக்கே போட்டிருந்தார்கள். கீழ்ப்பக்கத்துப் பலகை விலகியிருந்தது. மகள் அதைக் கிட்டத்தில் வந்துதான் பார்த்தாள். லீவரை அமுக்கினாள்.

வண்டி நின்றது. மேடு பார்த்து, பெட்டியோடு, அப்படியே நின்றது. அரை விரல் பின்வாங்கவில்லை.

பலகையை நகர்த்த ஆள் இருந்தது. எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. கூடினாலும் குறைந்தாலும் சக்கரம் பள்ளத்தில். அவள்தான் இறங்கிப் பார்க்க வேண்டும். லீவரைப் பூட்டும் கொக்கி எப்போதோ உடைந்துபோனது.

"அப்பா."

அவர் கை அவள் தோளைத் தாண்டி வந்து, அவள் விரல்களின் மேல் மூடிக்கொண்டது. அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாக உருவினாள். இறங்கினாள். அவர் இன்னொரு கையால் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துக் கொடுத்தார்.

மாமா கட்டையோடு பின்சக்கரத்துக்குக் குனிந்தார். "மாப்பிள்ளை, போட்டுடவா?"

"வேணாம் மச்சான்," என்றார் அப்பா. அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஒரு முழத்துக்கு அப்பால் நிலம் இல்லை. வெகு கீழே வீட்டுக் கூரைகள் இருந்தன. "நான் பிடிச்சிருக்கேன்."

மகள் சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையை அளந்தாள். பலகையை நகர்த்தச் சொன்னாள். மறுபடி அளந்தாள். இன்னும் கொஞ்சம் என்றாள். அவசரப்படவில்லை. அவசரப்பட வேண்டிய காரணம் எதுவும் இல்லை என்பது அந்த வளைவில் நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. மேட்டுக்காரர் ஒருவர் கயிற்றை மறுபடி தோளில் சுற்றிக்கொண்டார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் கைக்குள் தன் விரல்களைத் திணித்தாள். வலது கட்டைவிரலால் ஆக்சிலரேட்டரைத் தள்ளினாள். வண்டி இழுப்பது தெரிந்தது. அவர் அவள் சொல்லாமலே விட்டார். பலகைகள் ஒரு முறை முனகின. அவர்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள்.

மேலே வந்துசேரும்வரை யாரும் வண்டியில் கை வைக்கவில்லை. தேவைப்படவில்லை.

மண் போட்டு முடிந்தது. அப்பா பக்கத்திலிருந்த பையனின் சின்ன மண்மேட்டருகே வெகுநேரம் நின்றார். குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினார். அங்கே அந்த ஒரு புல்தான் இருந்தது. மற்றதையெல்லாம் அம்மா விட்டுவைத்திருக்கவில்லை. மாமா இன்னும் கட்டையைத் தூக்கிக்கொண்டே நின்றிருந்தார். அப்பா அதை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். மாமா வெறும் கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார்.

வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது ஒரு பெண் வந்து நின்றாள். கையில் காலி சிலிண்டர்.

"கேக்கற நேரமில்ல இது," என்றாள். "நேத்துல இருந்து அடுப்பு எரியல. கீழதானே போறீங்க."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சிலிண்டரை வாங்கி டிரெய்லரில் வைத்தார். கயிறு அதில்தான் கிடந்தது. அதைப் பார்த்து இன்னொருவர் தன் வீட்டுக்கு ஓடினார். இன்னொரு சிலிண்டர் வந்தது. இரண்டு கடிதம் வந்தது. ஒரு கிழவர் ஒரு கால்சட்டையைக் கொண்டுவந்து, "இடுப்புல கொஞ்சம் பிடிக்கணும்," என்றார்.

"எவ்வளவு?"

"எளைச்சிட்டேன்."

அப்பா அவரை நிற்கவைத்து அளந்தார்.

"அடுத்த நடை எப்போ?" என்று யாரோ கேட்டார்கள். கேட்டவரைப் பக்கத்தில் இருந்தவர் இடித்தார்.

"மழை விட்டதும் வரேன்," என்றாள் மகள்.

மாமாவால் நடக்க முடியவில்லை. சிலிண்டர்களுக்கு நடுவே டிரெய்லரில் உட்கார்ந்தார், ஒரு கையால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு. "அந்த வளைவு வந்தா எறங்கிக்கறீங்களா மாமா?" என்று மகள் கேட்டாள்.

"எதுக்கு?" என்றார் மாமா. "பிரேக் இருக்குல்ல."

முதல் துளிகள் விழுந்தன. இறக்கம் தொடங்கியது. அப்பா இந்த முறை எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் தொடை மேல் வைத்து, கீழே சின்னதாகத் தெரிந்த கூரைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். வளைவு கிட்டே வந்ததும் அவள் லீவரை அமுக்கினாள். டிரெய்லரில் காலி சிலிண்டர்கள் இரண்டும் லேசாக முட்டிக்கொண்டு, நின்றன.